வாரம் ஒரு சட்டை

டிசம்பர் பிறந்தால் என் அக்காவுக்குக் கோடைக்காலம் ஆரம்பித்துவிடும். அது எப்படி என்று இத்தனை வருஷமாகியும் என் புத்திக்கு ஏறவில்லை. இங்கே ரங்கூனில் நான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, அவித்த பட்டாணி விற்பவளின் குரலுக்காக மூன்றாவது மாடி வராந்தாவில் காத்து நிற்பேன். அங்கே ஆஸ்திரேலியாவில் அவள் தொப்பி போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போவாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் படம் வந்துவிடும்.

போன கோடைக்காலத்துப் படங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். மணலில் குழி தோண்டும் அக்காவின் மகள், ஏழு வயது, மஞ்சள் தொப்பி. கொல்லைப்புறத்தில் அடுப்பு வைத்து இறைச்சி சுடுகிற படம். ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு குழந்தை தண்ணீர் பீய்ச்சும் படம். மடக்கு நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அக்கா புத்தகம் படிக்கிற படம். வேலி ஓரமாகத் தொட்டிகளில் தக்காளிச் செடி. அவளுக்குச் செடி வளர்ப்பதில் புதிதாக ஆசை வந்திருக்கிறதாம். இங்கே இருந்தபோது ஒரு துளசிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

எனக்கு வயிற்றெரிச்சல்தான், அதில் என்ன ஒளிவு. அவள் போய் ஒன்பது வருஷம். நான் நாற்பத்தொரு வயதில், கல்யாணம் இல்லாமல், அலோன் பேட்டையில் படகுத்துறைக்கு நாலு தெரு தள்ளி இரண்டு அறை வீட்டில் அப்பாவோடு இருந்தேன். அம்மா எப்போதோ போய்விட்டாள். பகலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மற்ற நேரமெல்லாம் கரண்ட் எப்போது வரும் என்று பார்ப்பதே வேலை. "மீ லா பீ!" என்று தெருப் பிள்ளைகள் கத்தினால் கரண்ட் வந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மோட்டார் போடணும், சோறு வைக்கணும், போன் சார்ஜ் போடணும், அப்பாவின் சட்டையை இஸ்திரி போடணும். எல்லாம் சேர்ந்து நாலு மணி நேரம், சில நாள் அதுவும் இல்லை. அந்த நாலு மணி நேரத்துக்குள்தான் அக்காவின் கடற்கரையும் வந்து இறங்கும்.

அப்பா துறைமுகத்தில் கணக்கு எழுதுகிறவராக இருந்தார். கணக்கு என்றால் காசுக் கணக்கு இல்லை. கப்பலில் இருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுவது. ஒரு மூட்டைக்கு ஒரு கோடு. நாலு கோடு போட்டு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. முப்பத்திரண்டு வருஷம் வெயிலில் நின்றுகொண்டு இதையே செய்தவர். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து எதிர் வீட்டுப் புறாக்களை எண்ணுவார், பஸ்ஸை எண்ணுவார், கல்யாண ஊர்வலம் போனால் குடையை எண்ணுவார். வாயில் எப்போதும் குன்யா என்கிற வெற்றிலைச் சுருள். நான் எவ்வளவோ கத்திப் பார்த்தேன். "மூட்டை எண்ணறவனுக்கு வாய் சும்மா இருந்தா தூக்கம் வந்துடும்மா" என்பார்.

போன மழைக்காலம் முடிகிற நேரத்தில் அவருடைய வலது கன்னத்துக்குள்ளே புண் வந்தது. முதலில் சுண்ணாம்பு சுட்டது என்றார். பிறகு காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வெளியே வீங்க ஆரம்பித்த பிறகுதான் என்னோடு டாக்டரிடம் வந்தார். டாக்டர் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெட்டி எடுக்கலாம், ஆனால் தாமதமாகிவிட்டது, எடுத்தாலும் உறுதியில்லை. எத்தனை நாள் என்று கேட்டேன். தண்ணீர்த் திருவிழா வரைக்கும் இருந்தால் பெரிசு என்றார். அதாவது ஏப்ரல்.

நான் வெளியே வருவதற்குள் அப்பாவுக்கு என் முகத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. படியிறங்கும்போது கேட்ட முதல் கேள்வி அக்காவைப் பற்றித்தான். ஏப்ரலில் வருவதாக அவள் சொல்லியிருந்தாள். குழந்தையையும் கூட்டிக்கொண்டு, தண்ணீர்த் திருவிழாவுக்கு, ஒரு மாசம். அது உறுதிதானே என்று கேட்டார். உறுதிதான் என்றேன்.

"அப்ப அதுவரைக்கும் நான் ஓட்டிடுவேன். அவகிட்ட ஒண்ணும் சொல்லாதே" என்றார்.

நான் சண்டை போட்டேன். அவள் இப்போதே வரட்டும், விமானம் எதற்கு இருக்கிறது என்றேன். அவர் கேட்கவே இல்லை. வேலையில் இருப்பவள், புருஷன், பிள்ளை, பள்ளிக்கூடம், இதற்கு நடுவில் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போடாதே என்றார். எங்கள் வீடுகளில் இது ஒரு வழக்கம். தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கெட்ட சேதி போகக்கூடாது. என் அத்தை செத்துப் பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் மலேயாவில் இருந்த அவள் தம்பிக்குச் சொன்னார்கள். அதையெல்லாம் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள், ஏதோ நோன்பு காத்த மாதிரி. அம்மாவின் படத்துக்கு முன்னால் நிறுத்தி என்னிடம் சத்தியம் வாங்கினார். நானும் செய்து கொடுத்தேன். அந்தக் கையை நான் நீட்டியிருக்கக்கூடாது.

சத்தியம் செய்தாயிற்று, முகத்தை என்ன செய்வது? வீங்கின கன்னத்தை வீடியோவில் எப்படிக் காட்டுவது? அந்தக் கவலையே வேண்டாம் என்று ஆகிவிட்டது. எங்கள் ஊரில் நெட் சரியில்லை என்று சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். பாதி நாள் வி.பி.என். இல்லாமல் ஒன்றும் திறக்காது, மீதி நாள் கரண்டே இருக்காது. "நெட் சரியில்லக்கா, இனிமே படம் மட்டும் அனுப்பறேன்" என்று எழுதினேன். அவளும் உடனே, சரி, இங்கேயும் நெட் மோசம், படமே போதும் என்று எழுதிவிட்டாள். ஆஸ்திரேலியாவில் நெட் மோசமாம்! யாருக்குக் காது குத்துகிறாள் என்று அன்றைக்கு முழுக்கப் பொருமினேன். நம்மோடு பேச அவளுக்கு நேரமில்லை, பெரிய இடத்துக்காரி ஆகிவிட்டாள் என்றுதான் நினைத்தேன்.

படத்துக்கு யோசனை சொன்னது அப்பாதான். கன்னம் நாளுக்கு நாள் பெரிதாகும், ஜனவரியில் படம் எடுத்தால் ஒளிக்கமுடியாது. அதனால் இப்போதே, ஒரே நாளில், எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒன்றாக அனுப்பலாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சட்டை, ஒரு இடம். மூட்டை எண்ணினவருக்கு எப்படித் திட்டம் போட வருகிறது பாருங்கள்.

நவம்பரில் ஒரு நாள் காலையில் கிளம்பினோம். படத்துக்குத் தேறியது ஏழு சட்டைதான், அது தீர்ந்த பிறகு வேறு யோசிக்கலாம் என்றார். ஏழு சட்டை, மூன்று லுங்கி, ஒரு துண்டு, எல்லாம் பெரிய பையில். இந்த ஊர்ப் பெண்கள் முகத்தில் பூசுகிற தனாக்காச் சாந்தைக் கன்னத்தில் கெட்டியாகப் பூசிவிடட்டுமா, வீக்கம் மறையும் என்று கேட்டேன். "நான் என்ன புதுப் பொண்ணா?" என்றார். இடது பக்கம் மட்டும் தெரியும்படி நிற்பதாக முடிவானது.

முதலில் க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் போனோம். காய்கறிப் படகுகள் இறங்கிக்கொண்டிருந்தன. அப்பா கட்டம் போட்ட சட்டையில், ஆற்றைப் பார்த்துக்கொண்டு, முட்டைக்கோஸ் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நின்றார். எடுத்துக்கொண்டேன். இரண்டாவது சட்டைக்கு அங்கேயே ஒரு டீக்கடையின் பின்பக்கம், பாத்திரம் கழுவுகிற இடத்தில் போய் மாற்றிக்கொண்டு வந்தார். டீக்கடைக்காரர் பர்மியர், அப்பாவுக்குப் பல வருஷப் பழக்கம். அந்தச் சட்டையோடு அப்பா வெளியே வந்தபோது அவர் சிரிப்பை அடக்கமுடியாமல், "ஊலே, இன்னிக்கு உங்களுக்குக் கல்யாணமா, சினிமாவா?" என்று பர்மிய மொழியில் கேட்டார். ஊலே என்றால் சித்தப்பா மாதிரி. அப்பா கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார். வலித்திருக்கும். ஆனால் சிரித்தார்.

டீயைச் சாஸரில் ஊற்றி நன்றாக ஆறவைத்து, இடது பக்கமாகவே உறிஞ்சிக் குடித்தார். அதையும் ஒரு படம் எடுத்தேன். பிறகு சந்தைக்குள் ஒன்று, மாரியம்மன் கோயில் வாசலில் ஒன்று, எங்கள் பக்கத்துத் தெருவில் ஒன்று. ஆறாவது சட்டைக்கு அவருக்குக் கால் ஓய்ந்துவிட்டது, பூங்காவில் ஒரு கல்பெஞ்சில் உட்காரவைத்தே எடுத்தேன். நான் சலித்துக்கொள்ளவில்லை. அம்மா போன பிறகு நானும் அவரும் ஒரு முழு நாள் ஊர் சுற்றியது அன்றைக்குத்தான். பையைச் சுமந்துகொண்டு, பொத்தான் போட்டுவிட்டு, காலரைச் சரிசெய்துவிட்டு, இரண்டு பேரும் திருட்டு வேலை செய்கிற பிள்ளைகள் மாதிரி அலைந்தோம்.

ஏழாவது சட்டை, வெள்ளை. அக்கா முதல் சம்பளத்தில் வாங்கி ஆள் மூலம் கொடுத்தனுப்பியது. அதை அவர் ஒருநாளும் போட்டதில்லை, அவள் வருகிற அன்றைக்குப் போடவேண்டும் என்று நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்தார். படத்துக்குக்கூட வேண்டாம் என்றார். நான்தான் வற்புறுத்தினேன். வீட்டுக்குத் திரும்பி, எங்கள் கதவுக்கு முன்னால் அதைப் போட்டுக்கொண்டு நின்றார். களைப்பில் எல்லாம் மறந்துபோய் நேராகக் கேமராவைப் பார்த்துவிட்டார். வீக்கம் அப்படியே விழுந்துவிட்டது. இன்னொன்று எடுக்கலாம் என்றேன், போதும் என்று சட்டையைக் கழற்றி மடித்துவிட்டார். அந்தப் படத்தை அனுப்பமுடியாது என்று கடைசியில் ஒதுக்கிவைத்தேன்.

டிசம்பர் முதல் ஞாயிறு முட்டைக்கோஸ் படம் போனது. "அப்பா சட்டை நல்லா இருக்கு" என்று பதில் வந்தது. கூடவே அவளுடைய கடற்கரைப் படம். அடுத்த ஞாயிறு டீக்கடை. "அப்பா சட்டை நல்லா இருக்கு." கூடவே இறைச்சி சுடுகிற படம். இப்படியே ஒவ்வொரு வாரமும். முகம் எப்படி இருக்கிறது, இளைத்திருக்கிறாரா, சாப்பிடுகிறாரா, ஒரு கேள்வி கிடையாது. சட்டை நல்லா இருக்காம். சட்டைக்குத்தான் பெண்ணாகப் பிறந்தாளா என்று அடுப்படியில் நின்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கும்.

அதற்குள் அப்பாவுக்குப் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. கஞ்சியையும் வடிகட்டிக் கொடுத்தேன். ஜெராக்ஸ் கடையில் வீணாகிற தாள்களை நான் கட்டாகக் கொண்டுவருவேன், அதன் பின்பக்கத்தில் எழுதிக் காட்டுவார். அவர் படித்த காலத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள் மூடிவிட்டன, அதனால் பேச்சு தமிழில், எழுத்து பர்மிய மொழியில். தண்ணீர் வேண்டும், ஜன்னலை மூடு, மாத்திரை. இதைத் தவிர அவர் கேட்பது ஒன்றே ஒன்று, போன். ஞாயிற்றுக்கிழமை வந்த படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகப் பார்ப்பார். பார்த்துவிட்டு ஏதோ எழுதித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார். கிழவருக்கு அதாவது ஒரு பொழுதுபோக்கு என்று நான் அந்தத் தாளை எடுத்துப் பார்க்கவில்லை.

காலண்டரை அவர் கட்டிலுக்கு நேராக மாட்டச் சொன்னார். ஏப்ரல் தாளின் மூலையை மடித்துவைத்திருந்தார். அக்காவும் குழந்தையும் படுக்க முன்னறையை ஒழிக்கவேண்டும் என்று எழுதிக் காட்டினார். ஒழித்தேன். புது மெத்தை வாங்கச் சொன்னார். வாங்கி, பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் சுவரில் சாத்திவைத்தேன்.

ஐந்தாவது படம் அனுப்பின பிறகுதான் நான் செய்த முட்டாள்தனம் எனக்குத் தெரிந்தது. ஜனவரியில் ஒரு ஞாயிறு. பக்கத்துத் தெருவில் நீலச் சட்டையில் அப்பா நிற்கிற படம். அனுப்பிவிட்டு, சும்மா பெரிதாக்கிப் பார்க்கிறேன், அப்பாவின் தோளுக்குப் பின்னால் பதேத்தா மரம் நிற்கிறது! கார்த்திகைப் பௌர்ணமிக்கு முன்னால் தெருக்காரர்கள் சேர்ந்து, மூங்கில் மரத்தில் பண நோட்டும் துண்டும் குடையும் கட்டித் தொங்கவிட்டுப் புத்த மடத்துக்குக் கொடுப்பார்களே, அந்த மரம். பௌர்ணமி முடிந்தால் ரங்கூனில் எந்தத் தெருவிலும் அது இருக்காது. இந்த ஊரில் ஒரு வருஷம் இருந்தவனுக்குக்கூடத் தெரியும், அது நவம்பர் படம் என்று. முப்பத்தேழு வருஷம் இருந்தவளுக்குத் தெரியாதா?

அழிக்கலாம் என்று பார்த்தால் அவள் பார்த்தாகிவிட்டது என்று காட்டுகிறது. இப்போது கேட்பாள், இப்போது கூப்பிடுவாள் என்று போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னால், கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் சத்தியத்தை மீறவேண்டாம், அவளே கண்டுபிடித்துவிட்டாள் என்று ஆகட்டும், அடுத்த விமானத்தில் வந்து இறங்கட்டும். ரொம்ப நேரம் கழித்துப் பதில் வந்தது. "அப்பா சட்டை நல்லா இருக்கு."

எனக்கு அழுகைதான் வந்தது. ஊரையே மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். நவம்பர் எது, ஜனவரி எது என்றுகூடத் தெரியாத அளவுக்கு அந்தக் கடற்கரையிலேயே ஊறிப்போய்விட்டாள் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம், பூங்காப் படத்துக்கு வந்த பதிலோடு இன்னொரு சேதியும் வந்தது. ஏப்ரலில் வரமுடியாதாம். லீவு கிடைக்கவில்லையாம். அடுத்த வருஷம் பார்க்கலாம், அப்பாதான் நன்றாக இருக்கிறாரே என்று எழுதியிருந்தாள். கீழே, குழந்தை குழாயைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற படம்.

அதைப் படித்த நிமிஷம் எனக்குச் சத்தியமாவது, அம்மா படமாவது. நேராக அப்பாவின் கட்டிலுக்குப் போய், நான் இப்போது அவளைக் கூப்பிடப்போகிறேன், கூப்பிட்டு உங்கள் முகத்தைக் காட்டப்போகிறேன், அவள் தண்ணீரில் விளையாடினது போதும் என்று கத்தினேன். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் கேட்டிருக்கும். போனை எடுத்துப் பெயரை அழுத்தப்போகும்போது அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். எலும்பாகிப்போன கையில் அவ்வளவு பிடி எங்கே இருந்து வந்ததோ. மறு கையால் தலையணைக்கடியில் இருந்து அந்தத் தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

ஒரு போட்டோகாப்பித் தாளின் பின்பக்கம். வரிசையாக ஆறு வரி. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமையின் தேதி. முதல் வரியில் கடற்கரை என்று மட்டும் எழுதி வெறுமையாக விட்டிருந்தது. மற்ற ஐந்திலும் கோடுகள். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நாலு, குறுக்கே ஒன்று. பக்கத்தில் தனியாக ஒரு கோடு. பதினொன்று. ஐந்து வரியிலும் பதினொன்று.

எனக்கு விளங்கவில்லை. அவர் போனை வாங்கி, இறைச்சி சுடுகிற படத்தைத் திறந்து, வேலி ஓரத்தைப் பெரிதாக்கினார். தக்காளிச் செடி. ஒவ்வொன்றாக நகத்தால் தொட்டுக் காட்டினார். மூன்று சிவப்பு, எட்டு பச்சை. அடுத்த வாரத்துப் படம், நாற்காலியும் புத்தகமும், மூலையில் அதே செடி. மூன்று சிவப்பு, எட்டு பச்சை. இன்றைக்கு வந்த குழாய்ப் படத்திலும் மூன்று சிவப்பு, எட்டு பச்சை. அந்த வெயிலில் ஐந்து வாரமாக ஒரு காய்கூடப் பழுக்கவில்லை, ஒரு பழம்கூட உதிரவில்லை.

அப்பா பென்சிலை எடுத்துக் கீழே எழுதினார். "ஒரே நாளில் எடுத்தது. நம்மைப் போல."

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது எல்லாப் படத்தையும் திரும்பப் பார்க்கிறேன். அவள் உடை மாறியிருக்கிறது. குழந்தைக்குத் தொப்பி மாறியிருக்கிறது. அதன் முழங்கால் சிராய்ப்பு மட்டும் எல்லாப் படத்திலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. ஒரு படத்தில்கூட அத்தான் இல்லை. இதெல்லாம் எனக்கு ஏன் தெரியவில்லை? அதே வேலையைக் கையால் செய்தவள் நான், அடுத்த வீட்டில் அதே வேலை நடந்தால் வாசனை தெரியவேண்டாமா? பொறாமைப்படத் தெரிந்த அளவுக்கு எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

எப்போது கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். மூன்றாவது வாரம் என்று விரலைக் காட்டினார். அதாவது டிசம்பரிலேயே. அவளுக்கு அங்கே என்னவோ ஆகியிருக்கிறது, அவள் வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டேதான் முன்னறையை ஒழிக்கச் சொன்னார், மெத்தை வாங்கச் சொன்னார்.

அப்போதும் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்றேன். இந்த முறை கத்தவில்லை, கெஞ்சினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். பென்சிலை எடுத்து, நிறுத்தி நிறுத்தி எழுதினார். "கேட்காதே. கேட்டால் அவள் சொல்லவேண்டி வரும். வெட்கப்படுவாள்."

நான் கேட்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு மன்னிப்பு இல்லை. அவர் சொன்னார் என்பதற்காக நான் சும்மா இருந்தேன் என்று ஊருக்குச் சொல்லலாம், எனக்கு நானே சொல்லிக்கொள்ள முடியாது. எனக்குப் பயமாக இருந்தது. அவள் வரமுடியாது என்று அவள் வாயாலே சொல்லிக் கேட்டுவிட்டால், பிறகு இந்த வீட்டில் எதை வைத்து நான் அவருக்குக் கஞ்சி ஊட்டுவேன்? ஒன்பது நாள் அப்படியே போனது. கரண்ட் வந்தது, போனது. மோட்டார் போட்டேன், கஞ்சி வடித்தேன். நடுவில் வந்த ஞாயிறு நானும் படம் அனுப்பவில்லை, அவளும் அனுப்பவில்லை. இரண்டு பேருக்கும் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

அப்பா ஒரு புதன்கிழமை மத்தியானம் போனார். நான் கடையில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன். தெருப் பிள்ளைகள் "மீ லா பீ" என்று கத்தினார்கள். மோட்டார் போட எழுந்து போய்த் திரும்பி வருவதற்குள் முடிந்துவிட்டது. கண் காலண்டர் பக்கம் இருந்தது. நான் மோட்டாரை நிறுத்தாமல் விட்டுவிட்டேன், மேலே தொட்டி நிரம்பித் தண்ணீர் படிக்கட்டில் கொட்டிக்கொண்டிருந்ததைக் கீழ்வீட்டு அம்மாள் வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அந்த அம்மாளும் டீக்கடைக்காரரும்தான் எல்லாவற்றுக்கும் நின்றார்கள். குளிப்பாட்டிய பிறகு என்ன உடுத்துவது என்று கேட்டார்கள். அலமாரியைத் திறந்து வெள்ளைச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். நாப்தலீன் வாசனை போகவில்லை. டீக்கடைக்காரர் காலரைச் சரிசெய்துவிட்டு, இன்றைக்கும் கல்யாணமா என்று கேட்க வந்தவர் மாதிரி வாயெடுத்துவிட்டு, அழுதுவிட்டார்.

அக்காவைக் கூப்பிட்டேன். வீடியோவில். நெட் நன்றாகத்தான் இருந்தது. முதல் மணியிலேயே எடுத்தாள். அவளுக்குப் பின்னால் கடலும் இல்லை, கொல்லைப்புறமும் இல்லை. ஒரு சின்ன அறை, தரையில் படுக்கை, சுவரோரம் இரண்டு பெட்டி. அவள் முகம் பாதியாகியிருந்தது. என்னைப் பார்த்தாள், நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். போனைத் திருப்பி அப்பாவைக் காட்டினேன். எவ்வளவு நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, கை கடுக்க ஆரம்பித்தது.

பிறகு அவளே சொன்னாள். அத்தான் ஆகஸ்டிலேயே விட்டுப்போய்விட்டார். வீடு போய்விட்டது. விசா அவர் பேரில் இருந்தது, புதிதாக விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கிறாள். நடுவில் நாட்டை விட்டுக் கிளம்பினால் திரும்ப விடமாட்டார்கள், குழந்தையை அத்தான் வைத்துக்கொள்வார். அந்தக் கொல்லைப்புறமும் தக்காளியும் அவள் வீட்டுவேலை செய்கிற இடத்தினுடையது. அந்த வீட்டுக்காரர்கள் வெளியூர் போன அன்றைக்கு, காலையில் கடற்கரைக்குப் போய்விட்டு வந்து, குழந்தைக்கு உடை மாற்றி மாற்றி எல்லாப் படத்தையும் எடுத்தாளாம். அப்பாவுக்கு ஒன்றும் தெரியக்கூடாது என்று.

பதேத்தா மரத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"பார்த்தேன். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, எல்லாம் ஒரே நாள் படம்னு. அப்பா ஒரு பக்கமாவே நிக்கறதும் தெரிஞ்சுது."

"அப்ப ஏன் கேக்கலை?"

குழந்தை எங்கேயோ பின்னால் இருமியது.

"கேட்டா நீ சொல்லிடுவே" என்றாள். "சொல்லிட்டா நான் வரணும்."

நான் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கு என்னிடம் என்ன இருந்தது? என் ஒன்பது நாளும் அவள் பதினேழு நாளும் ஒரே பயத்தில் போனவைதான். அவருக்கு ஏப்ரல் வரைக்கும் ஆயுசு இல்லை என்று எனக்குத் தெரியும். அவள் வரமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அவர் சரியில்லை என்று அவளுக்குத் தெரியும். மூன்று பேரும் தெரிந்துகொண்டு, வாரம் தவறாமல் படம் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஒரே ஒரு தடவை, ஐந்தே நிமிஷம், அவள் முகத்தை அவர் பார்த்திருக்கலாம். வரவேண்டாம், பார்க்க மட்டும் செய்திருக்கலாம். அதற்கு விசா வேண்டியதில்லை. அந்த நெட் அன்றைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

காரியமெல்லாம் முடிந்தது. முன்னறையில் அந்த மெத்தை இன்னும் உறை பிரிக்காமல் நிற்கிறது. கொடுத்துவிடலாம் என்று கீழ்வீட்டு அம்மாள் சொல்கிறாள். சரி என்கிறேன், கொடுப்பதில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கரண்ட் வந்ததும், வழக்கம்போல மோட்டார் போட்டேன், சோறு வைத்தேன், போனைச் சார்ஜில் போட்டேன். கை அதுபாட்டுக்கு அப்பாவின் படங்களைத் திறந்தது. ஒன்றுதான் மிச்சம் இருந்தது. எங்கள் கதவுக்கு முன்னால், வெள்ளைச் சட்டையில், வீங்கின கன்னத்தோடு நேராகப் பார்க்கிற படம். அதை அவளுக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டாள் என்று காட்டியது. நான் சோற்றை இறக்கிவைத்துவிட்டு வந்தபோது பதில் வந்திருந்தது.

"அப்பா சட்டை நல்லா இருக்கு."